பட்டியலில் இருவர்

2024ஆம் ஆண்டின் தீபம் மற்ற ஆண்டுகளின் தீபத்தைப் போன்றதன்று. டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயலின் மழையில் ஊறிய மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. உள்ளே இருந்த ஏழு பேரும் மாண்டார்கள். ஐவர் சிறு பிள்ளைகள். பன்னிரண்டு நாள் கழித்து, 13ஆம் தேதி மாலை, 2668 அடி உயர உச்சியில் வழக்கம்போல் தீபம் ஏறியது. மலையேறப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. எல்லோரையும்போல் நாங்களும் கீழே தெருவில் நின்று கும்பிட்டோம். கும்பிட்ட கை இறங்கும்போது, பார்வை உச்சியிலிருந்து நழுவிச் சரிவின் அந்தச் செம்மண் வடுவில் போய் நின்றது.

அந்த வாரங்களில் எங்களுக்கு ஒரு கோபம் இருந்தது. எங்களில் ஒருவரின் வீடு அந்தப் பகுதிக்கு இரண்டு தெரு தள்ளி. கிரிவலம் வருகிறவர்களில் சிலர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, பாறை விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போனார்கள். ‘இது என்ன காட்சிச்சாலையா?’ என்று ஒரு வேன்காரரிடம் எங்கள் நண்பர் சண்டைக்கே போய்விட்டார். இதை இங்கே முதலிலேயே சொல்லிவைப்பதற்குக் காரணம் உண்டு.

மண் சரிந்த மறுவாரம் இரண்டாமாண்டு வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: ‘நம்ம மலை எரிமலைதானேங்க ஐயா? உள்ள இன்னும் நெருப்பு இருக்குமா?’ பஞ்சபூதத் தலங்களில் நெருப்புக்குரியது அண்ணாமலை. நெருப்புத் தூணாய் நின்றவன் குளிர்ந்து மலையானான் என்ற கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அப்படித்தான் கேட்பார்கள். எரிமலைக் கூம்பு எதுவும் இங்கே இல்லை, இது பூமியின் ஆழத்தில் உருவாகிப் பல கோடி ஆண்டுத் தேய்மானத்தில் வெளிப்பட்ட பழம்பாறை என்பதுதான் புவியியலார் சொல்வது. சொன்னோம். அவள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

நாங்கள் நால்வர். தமிழ்த்துறையில் மூவர், விலங்கியலில் ஒருவர். விலங்கியல் நண்பர் ஓர் எரிமலையையும் மழைக்காட்டையும் ஆமை ஏறும் கடற்கரையையும் ஒரே பயணத்தில் காட்டுவதாக நான்காண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நம் நாட்டில் உயிருள்ள எரிமலை ஒன்றே ஒன்று. அது அந்தமான் கடலில் இருக்கிறது. பதினோரு நாள் எரிந்து தீபம் ஓய்ந்த மறுநாள் கிளம்பினோம்.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரப் பயணம். போர்ட் பிளேர் அந்த ஆண்டு செப்டம்பரில்தான் ஸ்ரீ விஜயபுரம் ஆகியிருந்தது. ஆட்டோக்காரர்கள் நாவில் பழைய பெயரே இருந்தது. தேநீர்க் கடையில் தமிழ், காய்கறிச் சந்தையில் தமிழ். அயலூர் வந்த உணர்வே முதல் நாள் எழவில்லை. டிசம்பர் 26ஆம் தேதி அங்கே இருந்தோம். ஆழிப்பேரலையின் இருபதாம் ஆண்டு. விடுதிக்காரர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: அன்று கடல் மட்டுமா வந்தது, தரையும் அசைந்தது. வடக்கே சில கரைகள் ஒரு மீட்டர் அளவு மேலெழுந்து பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்து செத்தன. தெற்கே பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. மலை அசையாது என்று நம்பும் ஊரிலிருந்து, அசைந்தும் பார்த்த பிறகு வந்தவர்கள் நாங்கள். அதனால் அந்தப் பேச்சை வெறும் தகவலாகக் கேட்டுக்கொள்ள முடியவில்லை.

மழைக்காட்டைப் பற்றி நாங்கள் வைத்திருந்த எண்ணம் முழுவதும் தவறு. எங்கள் மலையடிவாரக் காடு வறண்டது, முள் நிறைந்தது, வெளிச்சமானது. ஒரு கௌதாரி ஓடினாலும் தெரியும். சிடியா தாபுவில் குர்ஜன் மரங்கள் கோபுரத் தூண்களைப்போல் கிளையே இல்லாமல் நெடுந்தூரம் போய், மேலே எங்கோ விரிகின்றன. கீழே அரையிருட்டு. அங்கே பறவை கண்ணுக்கு அகப்படுவதில்லை, காதுக்குத்தான் அகப்படுகிறது. அந்தமானுக்கே உரிய கரிய மரங்கொத்தி ஒன்று எங்கள் தலைக்கு மேல் கால் மணி நேரம் பறையடித்தது. நால்வர் கழுத்தும் வலித்ததே தவிர அதன் வால் நுனியைக்கூடக் காணவில்லை. விலங்கியல் நண்பர் ஒரு நீல அட்டைக் குறிப்பேட்டை எங்களிடம் கொடுத்திருந்தார். கண்டது, கேட்டது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுத வேண்டும். யார் முதலில் காண்கிறாரோ அவர் எழுதலாம். மரங்கொத்தியைக் ‘கேட்டது’ என்று எழுதினோம். செண்பகம், வால்காக்கை, பாம்புக்கழுகு என்று பட்டியல் வளர்ந்தது. எல்லாம் நம் பக்கத்துப் பறவைகளின் பங்காளிகளே, ஆனால் இத்தீவுகளுக்கே உரியவை.

ராஸ் தீவில் புள்ளிமான்கள். (அதற்கும் 2018இல் நேதாஜி பெயர் சூட்டிவிட்டார்கள்.) கிரிவலப் பாதையில் வேலிக்கு அப்பால் நாங்கள் நாள்தோறும் பார்க்கும் அதே மான். ஊர்க்காரரைக் கண்டதுபோல் மகிழ்ந்தோம். நண்பர் அந்த மகிழ்ச்சியைக் கெடுத்தார். இம்மான்கள் இத்தீவுகளுக்குரியவை அல்ல. ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டவை. தின்ன ஒரு புலியும் சிறுத்தையும் இல்லாத காட்டில் பெருகி, கீழ்நிலைச் செடிகளையும் மரக்கன்றுகளையும் மேய்ந்து தீர்க்கின்றன. செடி போனதால் அச்செடிகளில் வாழ்ந்த பல்லியினங்களும் அருகியதாக ஆய்வுகள் சொல்கின்றன. நம் ஊரில் காட்டின் அழகு, இங்கே காட்டின் நோய். மான் என்னவோ மான்தான்.

இனிச் சொல்ல வேண்டியது சாலையைப் பற்றி.

பாராடாங் தீவின் சேற்று எரிமலைக்கும், அதற்கும் வடக்கே திக்லிபூருக்கும் அந்தமான் பெருஞ்சாலை வழியாகப் போனோம். அச்சாலை ஜாரவா மக்களின் காட்டை ஊடறுத்துப் போகிறது. வெளியாரை அம்பால் விலக்கியே வாழ்ந்தவர்கள் அவர்கள். 1997இன் இறுதியில் தாமாகக் காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. 2011 கணக்கெடுப்பில் அவர்கள் தொகை 380. காட்டுக்குள் செல்லும் சாலைப் பகுதியை மூட 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டும் சாலை ஓடிக்கொண்டேயிருந்தது. ஜாரவாப் பெண்களை உணவுக்காக ஆடவைத்த காணொளி 2012இல் வெளிவந்து உலகம் காறித் துப்பிய பிறகும் ஓடியது. 2013இல் சில வாரங்கள் சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை இருந்து, பின் விலகியது. பாராடாங்குக்குக் கடல்வழி 2017இல் திறக்கப்பட்டது. இவ்வளவும் எங்களுக்குப் புறப்படும்போதே தெரியும். படித்தவர்கள் அல்லவா! ஆயினும் திக்லிபூர்வரை போக வேண்டும், சாலைவழியே எளிது, செலவு குறைவு என்று எங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

ஜிர்காடாங் சாவடியில் விடியுமுன்பே வண்டிகள் நீண்ட வரிசையாய் நின்றன. படிவம் நிரப்பினோம். நிறுத்தக்கூடாது, படமெடுக்கக்கூடாது, எதையும் கொடுக்கக்கூடாது என்று பலகை சொன்னது. காவல் வண்டி முன்செல்ல வரிசை நகர்ந்தது. எங்கள் ஓட்டுநர் மதுரைப் பக்கத்துக் குடும்பம், அங்கேயே பிறந்தவர். கண்ணாடியில் எங்களைப் பார்த்து, தணிந்த குரலில், ‘அதிர்ஷ்டம் இருந்தா பாக்கலாம் சார்’ என்றார். என்ன பார்க்கலாம் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்காமலே விளங்கியது, நால்வரும் சன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தோம்.

பார்க்கவும் செய்தோம். ஒரு வளைவில் சாலையோரம் ஒரு பெண்ணும் ஒரு சிறுவனும் நின்றிருந்தார்கள். சிறுவன் இடுப்பில் சிவப்பு நூல்கட்டு. வண்டி வேகம் குறையவில்லை, யாரும் கைப்பேசியை எடுக்கவில்லை, எந்த விதியையும் மீறவில்லை. மூன்று நொடிதான். அந்தப் பெண் எங்கள் வண்டியைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் வரப்போகும் நூறு வண்டிகளையும் பார்க்காமலிருக்கப் பழகிய முகம் அது.

படகுத்துறையில் இறங்கித் தேநீர் குடிக்கும்போதுதான் குறிப்பேடு திறந்தது. ‘காலை 6.25, பெரும்பச்சைப்புறா, நான்கு. 6.40, மலைமைனா, கேட்டது. 6.52, இருவர்.’

யார் எழுதியது என்று இங்கே சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் மற்ற மூவரும் தப்பித்துவிடுவோம். எழுதிய கை ஒன்றாயினும் மணி பார்த்த கண்கள் எட்டு.

சேற்று எரிமலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மரவேலி சூழ்ந்த சாம்பல்நிறச் சேற்று மேடு. நடுவில் கஞ்சி கொதிப்பதுபோல் ஒரு குமிழி வந்து உடைகிறது. நிலத்தடி வாயு தள்ளும் சேறு இது, நெருப்பு இல்லை. 2004 நிலநடுக்கத்தை அடுத்து இது சீறியதாம். நாங்கள் பார்த்தபோது தூங்கிவழிந்தது. அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று நாங்கள் வாதிட்டதெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றித்தான்.

அடித்துவிடலாம் என்றார் ஒருவர். அடித்தால் மட்டும் என்ன ஆகும் என்றார் மற்றவர். மூன்றாமவர் பாடம் நடத்துபவர்களுக்கே வரும் ஒரு சாக்கைக் கொண்டுவந்தார்: நம்பியகப்பொருளின் கருப்பொருள் பதினான்கில் உயர்ந்தோர், அல்லோர் என்று மக்களும் உண்டு, அதே பட்டியலில்தான் புள்ளும் விலங்கும் மரமும் வருகின்றன, குறவரையும் கிளியையும் ஒரு மூச்சில் சொல்வது நம் மரபு, இதில் இழிவு எங்கே வந்தது? கேட்க நன்றாகவே இருந்தது. ஆண்டுதோறும் நாங்கள் வகுப்பில் பெருமையோடு சொல்வதும் அதுதான். இயற்கையிலிருந்து மனிதனைப் பிரிக்காத மரபு என்போம்.

விலங்கியல்காரர் இலக்கணம் படிக்காதவர். அவர் கேட்டார்: ‘அந்தப் பட்டியல்ல எழுதினவரும் இருக்காரா?’

இருக்கிறார். குறிஞ்சிக்கு மக்களைச் சொன்னவன் மருதத்துக்கும் நெய்தலுக்கும் சொன்னான். அவன் ஊரும் அவன் உண்ட சோறும் அவன் கேட்ட பண்ணும் ஏதோ ஒரு திணையில் வந்துவிடுகின்றன. எங்கள் குறிப்பேட்டில் நாங்கள் இல்லை. 6.52க்கு அந்தச் சாலையில் நின்றவர்கள் இருவர், கடந்தவர்கள் ஐவர் என்று எழுதியிருந்தால்கூடக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அதற்குமேல் யாரும் பேசவில்லை. படகில் அலையாத்திக் காட்டினூடே போகையில் மீன்கொத்திகள் பல பறந்தன. ஒன்றையும் யாரும் குறிக்கவில்லை.

திக்லிபூரை அடுத்த காளிப்பூர்க் கடற்கரையில் நான்கு வகைக் கடலாமைகள் முட்டையிட ஏறுகின்றன: சிற்றாமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரியாமை. உலகில் இப்படி நான்கும் வரும் கரைகள் மிகச் சில. இரவு பதினொன்றுக்கு மேல் ஒரு சிற்றாமை ஏறியது. எங்களைப்போல் இருபது பேர் மணலில் குந்தியிருந்தோம். பாதி தூரம் வந்து, துடுப்பால் மணலை இரண்டு முறை தள்ளி, நின்றது. யாரோ ஒரு குழந்தை தும்மியது, யாரோ விளக்கை மறைத்தார்கள். ஆமை அரைவட்டமாகத் திரும்பி, வந்த தடத்தின் பக்கத்திலேயே இன்னொரு தடம் போட்டுக்கொண்டு கடலுக்குள் போய்விட்டது. முட்டை வேறெங்காவது, வேறொரு நாள் இட்டிருக்கும் என்று வழிகாட்டிய இளைஞர் ஆறுதல் சொன்னார். ஆறுதல் ஆமைக்கா எங்களுக்கா என்று தெரியவில்லை.

திரும்பும்போதும் அதே சாலைதான். வேறு வழி தேடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வண்டித் திரைகளை இழுத்துவிட்டுக்கொண்டோம். ஓட்டுநர் வியந்து, ‘வெயிலே இல்லையே சார்’ என்றார்.

எரிமலைத் தீவுக்கு இறங்க அனுமதி இல்லை, சுற்றி வந்து பார்க்கலாம். அதைத் தமிழில் பாரன் என்றும் பேரன் என்றும் எழுதுகிறார்கள். யாருடைய பேரன் என்று கேட்கத் தோன்றும். ஆங்கிலத்தில் தரிசு என்று பொருள். தலைநகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டர். இரவில் புறப்பட்ட கப்பல் விடியலில் அதன் மேற்குப் பக்கம் போய் நின்றது. சுமார் 350 மீட்டர் உயரம். எங்கள் மலையின் பாதிகூட இல்லை. பழைய வாயின் உடைந்த சுவர் வளைந்து நிற்க, நடுவே கரிக்குவியலாய்ப் புதிய கூம்பு, அதன் தலையில் வெண்புகை. அங்கிருந்து கருங்குழம்பு இறுகிய நாக்கு ஒன்று கடல்வரை வந்து நீரைத் தொட்டுக் கிடந்தது. 1787இல் இது கக்கியதைக் கண்டு எழுதிவைத்தார்கள். பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கி 1991இல் விழித்தது. அதன்பின் பல முறை கக்கியிருக்கிறது. எதிர்ப்பக்கச் சரிவில் பசுமை தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விடப்பட்ட ஆடுகளின் வழித்தோன்றல்கள் அதில் உலவுவதாகச் சொன்னார்கள். எங்கள் கண்ணில் படவில்லை.

கப்பல்தளத்தில் சிறிது நேரம் பேச்சில்லை. எங்களில் ஒருவர் அனிச்சையாகக் கைகூப்பிவிட்டுக் கூச்சத்தோடு இறக்கிக்கொண்டார். குறிப்பேட்டை எடுத்து எழுதினோம்: ‘31.12.2024, காலை 6.10. எரிமலை, ஒன்று. பார்த்தவர், நால்வர்.’

சனவரியில் கல்லூரி திறந்ததும் அந்த மாணவியிடம் படங்களைக் காட்டினோம். உற்றுப் பார்த்துவிட்டு, ‘சின்னதா இருக்குங்களே ஐயா’ என்றாள். குறிப்பேட்டை வகுப்பில் சுற்றுக்கு விடுவதாக இருந்தோம். விடவில்லை. அது இப்போது துறை அலமாரியில் இருக்கிறது. அந்தச் சொல்லை யாரும் அடிக்கவும் இல்லை.

அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் காலை நால்வரும் கிரிவலப் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். வேலிக்கு அப்பால் மான்கள் இரண்டு நின்றன. வெளியூர் எண் கொண்ட கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. முன்னிருக்கையில் இருந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: ‘ஏங்க, அந்தப் பாறை விழுந்த இடம் எந்தப் பக்கங்க?’

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வேன்காரரோடு சண்டைக்குப் போனவர்தான் கையை நீட்டி வழி சொன்னார்.