எந்தச் சிறகு யாருக்கு?

இமாச்சலப் பிரதேசத்தின் காங்க்ரா மாவட்டத்தில், தௌலாதார் மலைத்தொடரை ஒட்டி இருக்கிறது பில்லிங். சுமார் 2,400 மீட்டர் உயரத்திலுள்ள அந்தப் புல்மேட்டிலிருந்து கிளம்பி, ஏறக்குறைய 900 மீட்டர் கீழே பீர் கிராமத்தில் இறங்குகிறார்கள். 2015-இல் பாராகிளைடிங் உலகக் கோப்பை நடந்த இடம் இது. அக்டோபர், நவம்பரில் அங்கே நின்றால் எல்லா வகைச் சிறகுகளையும் ஒருசேரப் பார்த்துவிடலாம்: குட்டையாக அகன்ற பயிற்சிச் சிறகு, சுற்றுலாப் பயணியையும் சேர்த்துச் சுமக்கும் பெரிய டேன்டம், ஒல்லியாக நீண்ட போட்டிச் சிறகு. புதிதாகப் பறக்கிறவர்களின் பேச்சு மட்டும் சுற்றிச்சுற்றி ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறது: ஏ-யை விட்டு பி-க்கு எப்போது போகலாம், பி-யை விட்டு சி-க்கு எப்போது? பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஏறுவதுபோல இதை நினைப்பதில்தான் கோளாறு என்பது என் கட்சி. நன்றாகப் பறந்த நாளை மனதில் வைத்துச் சிறகு வாங்கக் கூடாது. களைத்துப்போய், காற்றும் கெட்டுப்போன நாளில் தன் கை என்ன செய்யும் என்று பார்த்து வாங்க வேண்டும்.

இந்த எழுத்துகள் இஎன் 926 என்ற ஐரோப்பியத் தரத்திலிருந்து வருபவை. அதன் ஒரு பகுதி, துணியும் கயிறும் சுமை தாங்குமா என்று பார்க்கிறது. இன்னொன்று, பறக்கும்போது சிறகு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கிறது. சோதனை விமானி ஏரிக்கு மேலே, அமைதியான காற்றில், வேண்டுமென்றே கயிற்றை இழுத்து ஒரு பக்கத்தை மடிக்கிறார். பிறகு தலையிடாமல் காத்திருக்கிறார். தானாக விரிந்ததா, அதற்குள் எத்தனை டிகிரி திரும்பியது, எவ்வளவு முன்னே பாய்ந்தது என்பதையெல்லாம் பார்த்துத்தான் எழுத்து கிடைக்கிறது. ஆனால் நண்பகலில் பில்லிங்கின் சரிவுகள் சூடேறிக் கிளப்பும் தெர்மல் என்னும் வெப்பக் காற்று, அவ்வளவு ஒழுங்காக மடித்துவிட்டுக் காத்திருக்காது. ஏ சிறகு மடிந்தால், விமானி திகைத்து நின்றாலும் அது பெரும்பாலும் தானே மீண்டுவிடும். சி, டி வகையில் விமானி சரியானதைச் செய்தாக வேண்டும், அதுவும் உடனே. அந்த ‘உடனே’ அறிவால் வருவதில்லை, கைப்பழக்கத்தால் வருகிறது. ஆண்டுக்கு 20 மணி நேரம் பறக்கிறவர் ஐந்தாண்டு அனுபவசாலி என்று சொல்லிக்கொள்ளலாம். கை அப்படிச் சொல்லாது. ஆகவே எத்தனை ஆண்டு பறந்தார் என்பதைவிட, கடந்த பன்னிரண்டு மாதத்தில் எத்தனை மணி நேரம் பறந்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆனால் மணி நேரம் கூடினால் எழுத்தும் ஏறியாக வேண்டும் என்பதில்லை. இதற்குச் சான்று அந்த மேட்டிலேயே இருக்கிறது. அங்கே மிக அதிகமாகப் பறப்பவர்கள் டேன்டம் விமானிகள். சீசனில் ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்குகிறார்கள். எந்த முகட்டில் எத்தனை மணிக்குக் காற்று கிளம்பும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அவர்கள் பிழைப்பு நடத்துவது பெரும்பாலும் பி சான்று பெற்ற, நிதானமான சிறகில்தான். பயணிக்காகத்தானே அந்த நிதானம், விமானிக்காக அல்லவே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பயணியின் உயிருக்குத் தேவைப்படும் அந்தத் தாராளம், முந்தாநாள் பள்ளியிலிருந்து வெளிவந்தவருக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்பதற்கு இதுவரை யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை.

இன்னொரு தடை வலுவானது: ஏ சிறகு மெதுவானது, எதிர்காற்றில் முன்னே நகராது, ஆகவே வேகமான சிறகுதான் பாதுகாப்பு என்பது. பிரேக்கைத் தொடாமல் பறக்கும்போது ஏ-யும் சி-யும் மணிக்கு 36 முதல் 40 கி.மீ. அளவில்தான் போகின்றன. பெரிய வித்தியாசம், காலால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வருகிறது. அப்படி மிதித்த நிலையில்தான் சிறகு எளிதில் மடியும், மடிந்தால் மூர்க்கமாகவும் மடியும். அதை மிதித்தால்தான் முன்னே போக முடியும் என்கிற காற்றில் புதியவர் கிளம்பியதே தப்பு. தேர்ந்தவர்களுக்கு இது பொருந்தாது என்று சொல்வதற்கும் இடமில்லை. 2011-இல் ஸ்பெயினின் பியெத்ராயிதாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் இருவர் இறந்து போட்டியே நிறுத்தப்பட்டது. சான்று பெறாத திறந்த வகைச் சிறகுகளை அதன்பின் முதல்தரப் போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டார்கள். களத்தில் இருந்தவர்கள் உலகின் முன்னணி விமானிகள்.

எழுத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், சிறகுக்குள் தைத்திருக்கும் சின்னச் சீட்டில் எடையைப் படிப்பதில்லை. 75–95 கிலோ என்றால் அது உடல் எடை அல்ல. உடலோடு சிறகு, ஹார்னஸ், ரிசர்வ் பாராசூட், ஹெல்மெட், ஜாக்கெட், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து. 80 கிலோ ஆள் இவற்றோடு 95-ஐத் தாண்டிவிடுவார். எடை குறைந்தால் சிறகு தொய்ந்து எளிதில் மடியும். கூடினால் ஒவ்வொரு அசைவும் வேகமாகி, ஏ-யும் துள்ள ஆரம்பிக்கும்.

பணத்தைப் பற்றிய தடையை ஒதுக்க முடியாது. புதுச் சிறகு லட்சங்களில் விற்கிறது. சீக்கிரம் போதாமல் போகும் ஒன்றுக்கு ஏன் செலவு என்கிறார்கள். இன்றைய ஏ சிறகுகளில் 100 கி.மீ. தாண்டிப் பறந்திருக்கிறார்கள், ஆகவே ‘சீக்கிரம்’ என்பது அவ்வளவு சீக்கிரமில்லை. செலவைக் குறைக்கப் பழைய சிறகு வாங்கலாம், ஆனால் அங்கேதான் பழுதுபார்ப்பவரின் மேசை வருகிறது. அவர் ஒவ்வொரு கயிற்றையும் ஒரே அளவு இழுவையில் பிடித்து, லேசர் கருவியால் அளந்து, தயாரிப்பாளரின் அட்டவணையோடு மில்லிமீட்டர் கணக்கில் ஒப்பிடுகிறார். சுமை குறைந்த பின்வரிசைக் கயிறுகள் காலப்போக்கில் சுருங்கியிருக்கும். பின்பக்கம் கீழே இழுபட்ட சிறகு, யாரும் தொடாமலேயே பிரேக் பிடித்தபடி பறக்கும். பிறகு துணியில் காற்றுக்கசிவு பார்க்கும் கருவியை மாட்டி, குறிப்பிட்ட அளவு காற்று ஊடுருவ எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுகிறார். சில விநாடியிலேயே காற்று போய்விட்டால், சீட்டில் ஏ என்று அச்சிட்டிருப்பதற்கு மதிப்பில்லை. அந்த எழுத்து, சிறகு புதிதாக இருந்தபோது பெற்றது. விலை பேசுவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துகொள்கிறவர்கள் பீரில் இன்னும் குறைவுதான்.