தரையில் இருந்து வான் காத்தோர்

வான்படை என்றதும் மாணவர் மனத்தில் தோன்றுவது விமானியின் உருவமே. தரையில் அமர்ந்து வானைக் காப்போரை நினைப்பவர் சிலரே.

1940ஆம் ஆண்டில் ஜெர்மானிய விமானங்கள் பிரிட்டனைத் தாக்கியபோது, கடலோர ராடார் நிலையங்கள் பகைவர் வரவை முன்னறிவித்தன. அச்செய்திகள் தொலைபேசி வழியே கட்டளை அறைகளை எய்தின. அங்கே மகளிர் துணைப்படையினர் பெரிய நிலப்படத்தின்மீது வண்ண வில்லைகளை நீண்ட கோல்களால் நகர்த்தினர். சுவர்க் கடிகாரத்தின் ஐந்து நிமிடப் பகுதிகளும் அவ்வண்ணங்களையே தாங்கியிருந்தன. செய்தி பழையதா, புதியதா என்பதை வண்ணமே உணர்த்தியது. அதனை நோக்கிய அதிகாரி, வானொலி வழியே விமானிகளுக்குத் திசை கூறினார். ஓர் எண் பிழைத்தால் விமானி வெறும் வானில் அலைவான். பகைவனோ நகரை அடைந்துவிடுவான்.

அவ்வாண்டிலேயே பிக்கின் ஹில் விமானத் தளத்தில் ஒரு கட்டடத்தின்மீது குண்டு விழுந்தது. தலைக்குமேல் இருந்தது மெல்லிய கூரையே. எனினும் ஹெலன் டர்னர், எல்ஸ்பெத் ஹென்டர்சன் என்னும் இரு மங்கையர், கட்டடம் தீப்பற்றி, வெளியேறுமாறு ஆணை பிறக்கும்வரை தொலைபேசியை விட்டு அகலவில்லை. இருவருக்கும் இராணுவப் பதக்கம் வழங்கப்பட்டது.

இன்று நிலப்படத்தின் இடத்தைக் கணினித் திரை பெற்றுவிட்டது. பொறுப்பு மட்டும் மாறவில்லை. வான்படைப் பணியை நாடும் மாணவன், விமானி ஆகவில்லையே என்று வருந்த வேண்டுவதில்லை. கூர்ந்த செவியும் கலங்காத நெஞ்சும் உடையவனுக்குத் தரையிலும் பணி உண்டு, அதுவும் வீரமே.