கூத்தனூர் வாணி

சரஸ்வதி பூஜையன்று திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தாலும், முதல் நாள் வரை ஓயாது ஓடிய ஓவர்லாக் மிஷின்கள் துடைக்கப்பெற்று, சந்தனமும் குங்குமமும் இடப்பெற்று, பொரியும் சுண்டலும் படைத்த இலையின் முன்னே கணக்குப் புத்தகங்களோடு சரிசமமாக ஆராதனை பெறுவதைக் காணலாம். இழையையும் ஏட்டையும் நூல் என்ற ஒரே சொல்லால் வழங்கும் மக்களுக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தவர் என்று கொங்கு மரபு போற்றும் பவணந்தி முனிவர், சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் மங்கையாகவும், அவன் வாயை அவள் கையாகவும், மதியைக் கதிராகவும் நன்னூலில் உருவகித்த அழகை நினைக்குந்தோறும் நெஞ்சம் நெகிழ்கிறது.

இழைக்கும் ஏட்டுக்கும் நமக்கு வாணி ஒருத்தியே; யவனர்களின் கலைத் தேவியரோ ஒன்பதின்மர். நினைவின் தேவதையான நெமோசினியின் புதல்வியர். காவியத்துக்குக் கல்லியோப்பி, சரித்திரத்துக்குக் கிளியோ, வான சாஸ்திரத்துக்கு உரேனியா என்று அவர்களுக்குத் துறை வகுத்த யவனர், நெசவை அவர்களுள் ஒருத்தியிடமும் ஒப்புவிக்காமல் அத்தீனா என்னும் வேறொரு தேவிக்கே உரியதாக்கினர். ஹெலிக்கான் மலைச்சாரலில் அந்த ஒன்பதின்மருக்கு விழாவெடுத்த புண்ணிய பூமி இன்று பாழ். அங்கிருந்த சிலைகளை 4ஆம் நூற்றாண்டிலேயே கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி தம் புதிய தலைநகருக்கு எடுத்துச் சென்றுவிட்டார்.

நம் வாணிக்குத் தனிக்கோயில் அரிது. அவ்வரிய தலங்களுள் தலையாயது திருவாரூர் மாவட்டத்தில், பூந்தோட்டத்தை அடுத்த கூத்தனூர். விக்கிரம சோழன், 2ஆம் குலோத்துங்கன், 2ஆம் இராசராசன் ஆகிய மூவர் அவையிலும் 12ஆம் நூற்றாண்டில் வீற்றிருந்த ஒட்டக்கூத்தரின் பெயரால் அமைந்த ஊர் அது. அங்கே கலைமகளை உபாசித்தே அவர் வாக்கு வன்மை பெற்றார் என்பது ஐதிகம். அக்கவிச்சக்கரவர்த்தி பிறந்தது தறியோடு வாழ்ந்த செங்குந்தர் மரபில்; அம்மரபின் வீரத்தைப் பாடிய ஈட்டியெழுபதும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. தறிக் குடியில் பிறந்தவரின் பெயரைத் தாங்கிய ஊரில் கலைமகள் குடியிருக்கிறாள் என்ற இச்செய்தியைக் கொங்கு நாட்டு நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் பேரவா.

சரஸ்வதி பூஜை நாளில் அம்பிகையின் திருப்பாதங்களைப் பக்தர்கள் தாமே தொட்டு வணங்குமாறு கருவறைக்கு வெளியே நீட்டி வைக்கிறார்கள். நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் அத்திருவடிகளில் வைத்தெடுக்கும் குழந்தைகளுக்குப் பின்னால், தேவிக்குச் சாத்த வேண்டிய வெள்ளைப் புடவையை மார்போடு அணைத்தபடி தாய்மார்கள் நிற்கிறார்கள்.