சி டிரைவும் மூணு தடவை மாறின மாவட்டமும்

எங்க வீட்டுல பிள்ளைங்க மூணு பேரு. மூணு பேரும் பொறந்தது ஒரே ஊர், ஒரே ஆஸ்பத்திரி. ஆனா 1997ல பொறந்த நான் பெரம்பலூர் மாவட்டம். 2001ல பொறந்த தங்கச்சி அரியலூர் மாவட்டம். 2003ல பொறந்த தம்பி திரும்பவும் பெரம்பலூர் மாவட்டம்!

குழம்பாதீங்க. 1995ல பழைய திருச்சி மாவட்டத்துலேர்ந்து பெரம்பலூர் தனியா வந்துச்சு. 2001ல அதுலேர்ந்து அரியலூரைப் பிரிச்சாங்க. 2002ல மறுபடி ஒண்ணா சேத்தாங்க. 2007ல மறுபடியும் பிரிச்சாங்க. "வீடு ஒரு செங்கல்லு நகரல, மூணு தடவை மாவட்டம் மாறியாச்சு"ன்னு அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பொட்டி தட்டுற பொழப்புக்கு வந்தப்புறம், யாராவது டிஸ்க் பார்ட்டிஷன்னு ஆரம்பிச்சாலே எனக்கு இதான் ஞாபகம் வரும்.

சரி, மேட்டருக்கு வர்றேன்.

போன மாசம் லீவுல அம்மா ஊருக்குப் போயிருந்தேன். பெரம்பலூருக்கு மேற்கால, செட்டிகுளம் பக்கம். எங்க பாத்தாலும் சின்ன வெங்காயம்தான். மாமா பட்டறையைப் பிரிச்சு, அழுகலைப் பொறுக்கிட்டு இருந்தார். நானும் உக்காந்து பொறுக்குற மாதிரி நடிச்சிட்டு இருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு போன். கூட இஞ்சினியரிங் படிச்ச நண்பன். அரியலூர் பக்கம் லாரி எடை மேடை ஒண்ணுல கம்ப்யூட்டர் சமாச்சாரம் எல்லாம் அவன் பொறுப்பு.

"மச்சி, சர்வர் படுத்துருச்சுடா. சி டிரைவ் ஃபுல்லு. ஜீரோ பைட்ஸ்னு காட்டுது. சீட்டு அடிக்க முடியல. லாரி எல்லாம் ரோடு வரைக்கும் நிக்குது."

எனக்கு திக்னு ஆச்சு. ஏன்னா ஆறு மாசம் முன்னாடி இதே சி டிரைவ் நிரம்புதுன்னு அவன் கேட்டப்போ, "வி‌எம்வேர்ல டிஸ்க்கை 40 ஜிபி ஏத்திடு, சரியாயிடும்"னு போன்லயே சொல்லிட்டு ஆணி புடுங்கப் போயிட்டேன். அவன் ஏத்திட்டு, "மச்சி, எக்ஸ்டெண்ட் பட்டன் மங்கலா இருக்குடா, அமுக்க முடியல"ன்னான். "டெம்ப் ஃபைலை அழிச்சு ஓட்டு, அப்புறம் பாக்கலாம்"னேன். அந்த அப்புறம் வரவே இல்ல.

மாமா பைக்கை எடுத்துக்கிட்டு பெரம்பலூர் வந்து, அங்கேர்ந்து இன்னும் 30 கிலோமீட்டர் சொச்சம் ஓட்டி, எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட்டும்தான் அரியலூர். வெறும் வண்டியா ஒரு எடை, சரக்கோட ஒரு எடை, ரெண்டையும் கழிச்சு ஒரு சீட்டு. அந்தச் சீட்டு இல்லாம வண்டி நகராது. கையால எழுதிக் குடுத்தா இறக்குற இடத்துல வாங்க மாட்டாங்களாம். வரிசையா இருபது வண்டிக்கு மேல நின்னுச்சு.

உள்ள போய் பாத்தா, அந்த 40 ஜிபி அப்படியே சும்மா கிடக்கு! சி டிரைவ் 60 ஜிபி, அதை ஒட்டி டி டிரைவ் 100 ஜிபி, அதுக்கும் அந்தப் பக்கம் காலி 40 ஜிபி. விண்டோஸ்ல ஒரு டிரைவைப் பெருசாக்கணும்னா காலி இடம் அதை ஒட்டியே, அதுவும் வலது பக்கம் இருக்கணும். அரியலூருக்கு இடம் பத்தலைன்னு, நடுவுல பெரம்பலூர் இருக்க, அந்தாண்ட சேலம் மாவட்டத்துல நாலு கிராமத்தைக் குடுத்தா எப்படி? அதான் பட்டன் மங்கல்.

அப்போ ஒரே வழி, நடுவுல இருக்கற பெரம்பலூரைக் கிளப்பணும். அதாவது டி டிரைவை.

முதல்ல முழு மெஷினையும் பேக்கப் எடுத்தேன். (ஸ்னாப்ஷாட் எடுத்தா போதுமேன்னு நினைக்காதீங்க. அது பேக்கப் கிடையாது. அது இருக்கற வரைக்கும் வி‌எம்வேர் டிஸ்க் சைஸை மாத்தவும் விடாது.) புதுசா ஒரு வர்ச்சுவல் டிஸ்க் சேத்து, சர்வீஸை எல்லாம் நிறுத்திட்டு, டி டிரைவ்ல இருந்த லாரி போட்டோ எல்லாத்தையும் ரோபோகாப்பியில பர்மிஷனோட புது டிஸ்க்குக்கு மாத்தினேன். புதுசுக்கு டின்னு பேரு வெச்சு, எல்லாம் தெறக்குதான்னு பாத்துட்டு, பழைய டியை அழிச்சேன். அப்புறம் சி மேல ரைட் கிளிக், எக்ஸ்டெண்ட். இந்தத் தடவை பட்டன் பளிச்! மெஷினை ரீஸ்டார்ட் கூட பண்ண வேண்டியதில்ல, 60 ஜிபி 200 ஜிபி ஆச்சு. (விண்டோஸ் 2003 காலத்துல சிஸ்டம் டிரைவை டிஸ்க்பார்ட் தொடவே விடாது. 2008லேர்ந்துதான் இந்த சொகுசு.)

மணி ஒண்ணு. நண்பன் கட்டிப் புடிச்சிக்கிட்டான். வெளிய முதல் சீட்டு அடிக்கற சத்தம் கேட்டுச்சு.

அந்த சந்தோஷத்துல, சரி இத்தனை நாள் என்னதான் அடைச்சிட்டு இருந்துச்சுன்னு பாத்தேன். அங்கதான் மக்களே விழுந்துச்சு அடி.

எடை மேடை டேட்டாபேஸ் எஸ்‌க்யூ‌எல் சர்வர். டேட்டா ஃபைல் 3 ஜிபி. அதோட லாக் ஃபைல் 38 ஜிபி!!! ரெக்கவரி மாடல் ஃபுல்லுன்னு இருக்கு, லாக் பேக்கப் ஒரு தடவை கூட எடுக்கல.

"தினமும் ராத்திரி ஃபுல் பேக்கப் போகுதே மச்சி?"ன்னான். போகுது. ஆனா ஃபுல் பேக்கப் எடுத்தா லாக் காலியாகாது. லாக் பேக்கப் எடுத்தாதான் பழைய லாக் இடம் திரும்பக் கிடைக்கும். அதுவரைக்கும் ஒவ்வொரு லாரி எடையும் அதுல சேந்துக்கிட்டேதான் இருக்கும். எடுத்தேன். ஃபைலை ஷ்ரிங்க் பண்ணினேன். 38 ஜிபி, 2 ஜிபி ஆச்சு.

ஆன நேரம் பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல.

அதாவது எட்டு மணிக்கு உள்ள நுழைஞ்சவன் முதல்ல இதைப் பாத்திருந்தா, எட்டரைக்கெல்லாம் வண்டி கிளம்பியிருக்கும். நான் ராத்திரி பூரா செஞ்ச வீரதீரம் அன்னிக்குத் தேவையே இல்ல.

வெளிய டீ குடிக்க வந்தேன். லாரி மேல சாஞ்சு நின்ன டிரைவர் அண்ணன் ஒருத்தர், "சரியாயிருச்சா தம்பி?"ன்னார். ஆச்சுண்ணேன்னேன். "நடைக்கு இவ்ளோன்னுதான் எங்களுக்குக் காசு. இன்னிக்கு ஒரு நடை போச்சு. பரவால்ல, நீங்களும் தூங்காமத்தான வேலை பாத்தீங்க"ன்னு சொல்லி, என் டீக்கும் சேத்து அவரே காசு குடுத்துட்டார்.

என்னத்த சொல்ல? அந்த டீ தொண்டையில இறங்கல.

நண்பன்கிட்ட உள்ளதைச் சொல்லிட்டேன். "விடுடா, எனக்குத் தெரியாததுதானே உனக்கும் தெரியல"ன்னான். எனக்குத் தெரியும், அதான் பிரச்சனை. தெரிஞ்சும் பாக்கல. நிரம்பிடுச்சுன்னு கேட்டதுமே இடத்தைக் கூட்டணும்னு ஓடினேன். எது நிரப்புச்சுன்னு கேக்கல. ஆறு மாசம் முன்னாடியும் கேக்கல.

விடிஞ்சு மாமா வீட்டுக்குத் திரும்பினேன். அவர் திரும்பவும் பட்டறை முன்னாடி. அடியில கல்லு, பக்கத்துல காத்துப் போக இடைவெளி, மேல கீத்து. நடந்ததை அவருக்குப் புரியற மாதிரி சொன்னேன். பொறுக்கறதை நிறுத்தாமலே சொன்னார்:

"பட்டறையில நாத்தம் வந்தா எவனாச்சும் பெரிய பட்டறை போடுவானா மாப்ள? கையை விட்டு அழுகினது எதுன்னு தேட மாட்டான்?"

பேசாம பக்கத்துல உக்காந்தேன். இந்தத் தடவை நிஜமாவே பொறுக்கினேன்.

டிஸ்கி: உங்க சர்வர்லயும் சி டிரைவ் சிவப்பா காட்டுதுன்னா, டிஸ்க்கை ஏத்தறதுக்கு முன்னாடி பெரிய ஃபைல் எதுன்னு ஒரு நிமிஷம் பாருங்க. லினக்ஸ்னாலும் இதே கதைதான். முதல்ல டியு போட்டுப் பாருங்க, க்ரோபார்ட் எல்லாம் அப்புறம். டிஸ்க்கை ஏத்தறது சுலபம், திரும்ப இறக்கறதுதான் பெரும்பாடு. எங்க மாவட்டம் மாதிரி பிரிச்சு, சேத்து, மறுபடி பிரிச்சு விளையாட முடியாது.