சதுர அடிக்குக் கூலி, மூலையில் ஒழுக்கு

மலேசியாவின் கேமரன் மலையில் தட்டைத் தளம் போட்ட ஒரு கடையோ விடுதியோ ஒழுகத் தொடங்கினால், என்ன தார் ஷீட் போட்டார்கள் என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. இத்தாலிச் சரக்கா, சீனச் சரக்கா, மூன்று மில்லிமீட்டரா நாலா என்று பேச்சு நீள்கிறது. தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய கட்டடங்களிலும் இந்தத் தார்ச் சுருள் வேலையைப் பார்க்கும்போது, அந்தக் கேள்வியே இடம் மாறி நிற்பதாக எனக்குப் படுகிறது. ஷீட்டின் நடுப்பகுதி ஒழுகுவது அபூர்வம். ஒட்டு, மூலை, கைப்பிடிச் சுவரின் அடி, தண்ணீர் இறங்கும் வாய், இந்த நாலு இடத்தில்தான் ஒழுக்கு பிறக்கிறது. கூலியோ நடுப்பகுதியை அளந்து கொடுக்கப்படுகிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடிக்கிற வழக்கம்தான் இந்த மலையின் தளங்களைக் கெடுக்கிறது என்பது என் கட்சி.

முதலில் மலையின் குணத்தைச் சொல்லிவிட வேண்டும். சென்னையில் தளத்துக்குப் பகை வெயில். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டி, மேலே தட்டோடு பதித்த நம் பழைய மொட்டை மாடிகள் அந்த வெயிலை நினைத்துச் செய்யப்பட்டவை. மழை பெய்து ஓய்ந்தால் மறுநாளே தளம் காய்ந்துவிடும். கேமரன் மலையில் பகல் 22, 23 டிகிரியைத் தாண்டுவதே பெரிது. ஆண்டு மழை 2,500 மில்லிமீட்டருக்கு மேல். ஏப்ரல், மே ஒரு உச்சம், அக்டோபர், நவம்பர் இன்னொரு உச்சம். நடுவிலும் சாரல் விட்டபாடில்லை, மூடுபனி வேறு. ஆகவே இங்கே பகை மழையின் அளவு என்பதைவிட, காயாத ஈரம் என்பதே சரி. ஒரு ஒட்டில் மயிரிழை வாய் திறந்திருந்தால் சென்னையில் அது வருடத்தில் சில வாரம் தண்ணீர் குடிக்கும். இங்கே வருடம் முழுக்கக் குடிக்கும். பாசி அந்த வாயிலேயே வேர்பிடித்து ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிரும் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் கூடுகிறது. மேகம் விலகிய நேரங்களில் தாரை அது வறட்டி வெடிக்க வைக்கும் என்பதால், மேலே கல்துகள் பதித்த ஷீட்தான் இங்கே பொருத்தம். அந்தத் துகளின்மேல் பாசி படிகிறது என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கிறவர்களும் உண்டு. பாசியோடு கவசமும் போய்விடும்.

இனி சரக்கு. பேச்சுவழக்கில் தார் என்கிறோம். உண்மையில் அது கச்சா எண்ணெயைக் காய்ச்சி எடுத்தபின் மிஞ்சும் பிட்டுமன். வெறும் பிட்டுமன் வெயிலில் உருகும், குளிரில் நொறுங்கும். 1960களில் இத்தாலியில் அதனுடன் ஏ.பி.பி. என்ற பிளாஸ்டிக்கைக் கலந்தார்கள். ரப்பர் குணமுள்ள எஸ்.பி.எஸ். கலவையும் ஐரோப்பாவிலிருந்தே வந்தது. முன்னது வெப்பத்தைத் தாங்கும், பின்னது கடுங்குளிரிலும் வளையும். உடம்புக்குள் பாலியெஸ்டர் துணியோ கண்ணாடி இழையோ ஓடும். கேமரன் மலையில் பனி உறைவதும் இல்லை, தளம் கொதிப்பதும் இல்லை. எனவே இரண்டில் எது என்ற பட்டிமன்றத்துக்கு இங்கே பெரிய பொருள் கிடையாது. வேலை எப்படி நடக்கிறது என்பதற்குத்தான் பொருள் இருக்கிறது.

சுருள் ஒரு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளம். இரண்டு பேர் வேலை. ஒருவர் கேஸ் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடப்பார், மற்றவர் சுருளைக் கொக்கியால் இழுத்து விரிப்பார். சுருளின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில்தான் கண் இருக்க வேண்டும். அது சுருங்கி மறைந்து அடித்தார் பளபளத்தால் பதம். அதற்கு முன்னால் உருட்டினால் ஒட்டாது, பதம் தாண்டினால் உள்ளே இருக்கும் துணி வெந்துவிடும். தீயை ஒரே இடத்தில் காட்டாமல் சுருளின் மேலும், ஏற்கெனவே விரித்த ஷீட்டின் ஓரத்திலும் மாறிமாறிக் காட்ட வேண்டும். பத்து சென்டிமீட்டர் ஒட்டு படியும்போது விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தார் பிதுங்கிக் கறுப்புக் கயிறு மாதிரி நிற்கும். அந்தக் கயிறு அறுபடாமல் ஓடினால் ஒட்டு பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஆறிய பிறகு கரணை முனையை விளிம்பு நெடுகச் செலுத்திப் பார்ப்பதும் உண்டு; முனை எங்கே உள்ளே நுழைகிறதோ அங்கே திரும்பவும் தீ. மூன்று ஷீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வருகிற இடத்தில் நடு ஷீட்டின் மூலையைக் குறுக்காக வெட்டிவிடுவார்கள். வெட்டாவிட்டால் அந்தத் தடிமன் ஓரத்தில் ஈர்க்குச்சி நுழையும் அளவுக்கு ஒரு சந்து நிற்கும். ஒரு கத்திக் கீற்று, சில நொடி வேலை. அவசரத்தில் முதலில் விடுபடுவதும் அதுதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். 20 மீட்டருக்கு 10 மீட்டர் தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 200 சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டர் ஒட்டு போக ஒரு சுருள் மூடுவது 90 சென்டிமீட்டர். ஆக 23 வரிசை, 22 ஒட்டு, ஒவ்வொன்றும் பத்து மீட்டர்: 220 மீட்டர். சுற்றிலும் கைப்பிடிச் சுவரில் ஏற்றி ஒட்ட வேண்டியது 60 மீட்டர். 200 சதுர மீட்டர் தளத்தில் 280 மீட்டர் நீளத்துக்குக் கைவேலை இருக்கிறது. தண்ணீர் வாய்களும் குழாய் அடிகளும் தனி. சுவரோரம் இன்னும் மெதுவான வேலை: தளமும் சுவரும் சேரும் மூலையில் சாந்தால் சாய்வுக் கரை கட்ட வேண்டும், ஷீட்டை 15 சென்டிமீட்டராவது சுவரில் ஏற்ற வேண்டும், மேல் விளிம்பைக் காடிக்குள் செருகிப் பூச வேண்டும். சதுர அடிக் கணக்கில் இந்த 60 மீட்டருக்கு மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம். நடுவில் பத்து மீட்டர் உருட்டுகிற நேரத்தில் மூலையில் ஒரு முழம் முடியாது. வெயில் நாலு மணி நேரம்தான் கிடைக்கிற மலையில், எதில் வேகம் காட்டினால் கூலி சேரும் என்று தொழிலாளிக்குத் தெரியாதா? அவரைச் சோம்பேறி என்பதும் திருடன் என்பதும் அநியாயம். அளவுகோல் சொன்னபடி அவர் நடக்கிறார்.

மழை மலையில் தட்டைத் தளம் எதற்கு, தகரத்தைச் சரித்துப் போட்டால் தீர்ந்தது என்பார்கள். பாதி நியாயம். 1929இல் ரசலின் போ, 1933இல் பாரத் என்று தோட்டங்கள் எழுந்த காலத்தில் ஆலைக்கும் லயத்துக்கும் நெளிதகரமே பழக்கம். அந்தத் தகரத்தில் ஆணியை மேட்டில்தான் அடிக்க வேண்டும், பள்ளத்தில் கூடாது என்பது அடிப்படைப் பாடம். அதாவது தண்ணீர் எங்கே ஓடும் என்று பார்த்துக் கை வைப்பது. ஆனால் சரிவுக் கூரைக்குள்ளும் தட்டைத் தளம் ஒளிந்திருக்கிறது. இரண்டு சரிவுகள் சந்திக்கும் கூடுவாயையும் சுவருக்குப் பின்னால் மறைந்த பெட்டி வாய்க்காலையும் பாருங்கள். வாட்டம் குறைந்து, சருகு அடைத்துத் தண்ணீர் தேங்குவது அங்கேதான். அதோடு, மலைக்குக் காட்சிக்காக வருகிற கூட்டம் வேறொரு கட்டட வகையைக் கொண்டுவந்திருக்கிறது. சுங்கை பாலாஸில் சரிவிலிருந்து வெளியே நீண்டு நிற்கிறதே, இசட்.எல்.ஜி. நிறுவனம் வடிவமைத்த தேயிலை மையம், அதைப்போல் தாழ்ந்து படுத்த கூரைதான் தோட்டத்தின் பச்சையை மறைக்காது. பழைய தளம் ஒழுகினால் மேலே தகரக் கொட்டகை போடுவது ஒரு தீர்வுதான்; மேல்தளத்தில் யாரும் உட்கார வேண்டாம், காற்றுக்கு இறுகக் கட்டியிருக்கிறது என்றால் நானும் அதையே சொல்வேன்.

இன்னொரு மறுப்பு இந்தத் தொழிலின் ஆதரவாளர்கள் காதில் விழ வேண்டியது: எல்லாக் கட்டடத்துக்கும் இது ஆகாது. கொழுந்து வாட்டுகிற, தூள் சலிக்கிற ஆலையின் தலைமேல் டார்ச் பிடிக்கக் கூடாது என்பது என் தீர்மானம். தேயிலை பக்கத்து வாசனையை உறிஞ்சிக்கொள்ளும் பொருள். ஷீட்டுக்கு முன்னால் தளத்தில் பூசும் பிரைமரின் பெட்ரோலிய நெடியும் உருகும் தாரின் புகையும் வாட்டுத் தொட்டிக்குள் இறங்கினால் அந்த நாள் சரக்கின் கதி என்ன? ஆலைச் சட்டங்களில் படிந்த தேயிலைப் பஞ்சும் தூசும் தீப்பிடிக்கக் கூடியவை. மரச் சட்டத்துக்குப் பின்னால் கனல் ஒளிந்திருந்து ஆட்கள் கிளம்பிய பிறகு எழும்பும். டார்ச் அணைத்தபின் ஒரு மணி நேரமாவது ஆள் காவல் வேண்டும் என்ற விதி அதனால்தான். அங்கே தானே ஒட்டிக்கொள்ளும் ஷீட் போடலாம், அல்லது ஆலை ஓய்ந்திருக்கும் நாளைப் பார்க்கலாம்.

ஷீட்டே வேண்டாம், ரப்பர் பெயின்ட் அடித்துவிடலாம் என்பவர்களுக்கு ஒரே பதில்: பெயின்ட் காய வேண்டும். காயும் நாளை மலை தராது. சுருள் வேலையில் விரித்த ஒவ்வொரு வரிசையும் அப்போதே முடிந்துவிடுகிறது, அடுத்த சாரல் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். தளம் காய்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் இதற்கும் உண்டு. ஓதம் ஏறிய கான்கிரீட்டின்மேல் தீ காட்டினால் நீர் ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் பருக்கும். ஷீட் கொப்புளமாக எழும்பும். ஒரு பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் நாலு பக்கமும் டேப் ஒட்டி இரவு விட்டுவிட்டு, காலையில் அடியில் முத்துமுத்தாக நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பது செலவில்லாத சோதனை. கூரையிலிருந்து சொட்டுவதெல்லாம் ஷீட் ஒழுக்கும் அல்ல. உணவகத்துச் சமையல் ஆவி குளிர்ந்த தளத்தின் அடியில் வியர்த்துச் சொட்டும். அதற்கு வெப்பத்தடுப்பு இல்லாத வடிவமைப்பு பொறுப்பு, டார்ச் பிடித்தவர் பொறுப்பல்ல.

ஓரத்துக்கு ஓட்ட அடிக் கணக்கில் தனி விலை, தண்ணீர் வாய்க்கு எண்ணிக்கையில் தனி விலை என்று பில் போட்டால் செலவு கூடும் என்பார்கள். கூடும்தான். அதில் ஒரு பகுதியை நடுப்பரப்பின் விலையில் குறைத்துக்கொள்ளலாம். மொத்தம் கொஞ்சம் ஏறினாலும், எந்த வேலைக்குக் கொடுத்தோம் என்று தெரியும். முடித்த பிறகு தண்ணீர் வாயை அடைத்து ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். சதுர மீட்டருக்கு 50 கிலோ, நம் 200 சதுர மீட்டர் தளத்துக்குப் பத்து டன். பழைய கட்டடமென்றால் அது தாங்குமா என்று பொறியாளரைக் கேட்காமல் கட்டக் கூடாது. சமவெளியில் சுவரில் சாக்பீஸ் கோடு போட்டுத் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். கேமரன் மலையில் அந்தக் கோட்டை நம்ப முடியாது. இரவு பெய்த மழை, இறங்கியதை நிரப்பிவிட்டிருக்கும். கீழ் அறைக்குள் போய், டார்ச் லைட்டை மூலைக்கு மூலை அடித்து, கையால் தடவித்தான் பார்க்க வேண்டும்.