வெடித்த கோவா: குண்டசாலை நாட்குறிப்பு

2025 பெப்ரவரி 6, வியாழன்

கந்தப்பளையில் இருந்து அண்ணன் கொடுத்தனுப்பிய மூட்டை சாயங்காலம் வந்து சேர்ந்தது. தெரிந்த லொறிக்காரர் தென்னக்கும்புர சந்தியில் இறக்கிவிட்டுப் போக, என் கணவர் போய் த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவிழ்த்துப் பார்த்தால் அத்தனையும் வெடித்த கோவா.

முற்றின கோவாவுக்கு மழை பிடித்தால் இப்படித்தான். வேர் தண்ணீரை இழுக்க இழுக்க உள் இலைகள் வளர்ந்துகொண்டே போகும். வெளி இலை அதற்கு மேல் விரியாது, வாய் பிளந்துவிடும். ருசியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சாக்கில் அடைத்து மலை இறக்கினால் பிளந்த இடம் நசிந்து அழுகும் என்று வியாபாரி தொடமாட்டார். "எருவுல போட மனசு வரல தங்கச்சி, நீயாவது சாப்பிடு" என்று போனில் சொன்னார் அண்ணன். நாற்று நட்டதில் இருந்து இரண்டரை, மூன்று மாதம் குனிந்து நிமிர்ந்து பார்த்த பயிர். நம் நாட்டில் விளையும் மரக்கறி, பழங்களில் 30 முதல் 40 சதவீதம் சமையலறைக்கு வருமுன்பே வீணாகிறது என்று விவசாயத் துறையினர் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். அந்தக் கணக்கில் அண்ணனுடைய கோவாவும் சேர்ந்துவிடக் கூடாது.

இந்த வீட்டில் இவரும் மாமியும் நானும் என்று மூன்றே பேர். கண்டி மார்க்கட்டில் கோவாவைப் பாதியாகவும் காலாகவும் வெட்டி, மெல்லிய பொலித்தீன் சுற்றி வைத்திருப்பார்கள். எங்களைப் போன்ற சின்னக் குடும்பங்கள் அதைத்தான் வாங்கும். இந்த மூட்டையில் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தது போக மீதியை பிரீசரில் வைப்பது என்று முடிவு செய்தேன். ராத்திரியே ஐஸ் தட்டு எல்லாவற்றையும் நிரப்பி உள்ளே தள்ளிவிட்டேன்.

பெப்ரவரி 7, வெள்ளி

வேலை முடிந்து வந்ததும் ஆரம்பித்தேன். பச்சை முற்றிய வெளி இலைகளைக் கழற்றி, வெடித்த ஓரத்தில் காய்ந்து பழுப்பேறியதைச் சீவி எறிந்தேன். நான்காகப் பிளந்து உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் புழு மிதந்து வந்துவிடும். அப்புறம் தண்டை நீக்கி, சுண்டலுக்கு அரிவதைவிடக் கொஞ்சம் தடிப்பாக அரிந்தேன். மெல்லிசாக அரிந்தால் சமைக்கும்போது குழைந்து காணாமல் போகும்.

பச்சையாகவே பையில் போட்டு உறைய வைக்கலாமே என்று இவர் கேட்டார். வைக்கலாம், ஆனால் நாள் போகப் போக வைக்கோல் வாசம் வரும், நிறமும் மங்கும். இலைக்குள் இருக்கும் நொதிகள் குளிரில் சாவதில்லை, வேகம் மட்டும்தான் குறையும். கொதி தண்ணீரில் ஒன்றரை நிமிடம் முக்கி எடுத்தால் அவை அடங்கிவிடும். அரைக் கிலோ கோவாவுக்கு 4 லீட்டர் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குறைந்தால் கோவாவைப் போட்டதும் கொதி அடங்கி, மறுபடி கொதிப்பதற்குள் இலை வெந்துவிடும். ஆகையால் பெரிய அலுமினியப் பானையை அடுப்பில் ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எடுத்தேன்.

ஒன்றரை நிமிடம் ஆனதும் வடிதட்டோடு தூக்கி நேரே ஐஸ் தண்ணீருக்குள். குண்டசாலையில் குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வரும். அதை நம்பினால் சூடு இறங்காமல் உள்ளுக்குள் வெந்துகொண்டே இருக்கும். ஆறியதும் பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி எடுத்தேன். ஈரத்தோடு பையில் போனால் அந்த ஈரமே ஐஸ் கட்டியாகி எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிவிடும்.

ஒரு நேரக் கறிக்கு 250 கிராம் போதும். அந்த அளவில் பைகளில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, ரொட்டி மாதிரித் தட்டையாகத் தட்டி திகதி எழுதினேன். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும். சீக்கிரம் உறைந்தால் ஐஸ் துகள் சின்னதாக இருக்கும், இலை அவ்வளவாகக் கிழியாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் உள்ளே திணிக்கவும் கூடாது. சூடுள்ள சாமான் கூடினால் பழைய சாமானும் இளகும். பாதியை நாளைக்கு வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 8, சனி

மீதிக் கோவாவில் இலை கிழியாமல் கழற்ற முடிந்ததை எல்லாம் முழுசாக எடுத்தேன். உறைந்து இளகிய முழு இலை துணி போலத் துவண்டு கொடுக்கும். உருளைக்கிழங்கு மசியலோ சோறோ வைத்துச் சுருட்டி ஆவியில் வைக்க அதுதான் தோது.

அண்ணியும் கந்தப்பளையில் செய்து பார்க்கிறேன் என்றார். அவருக்கு ஒன்றரை நிமிடம் போதாது. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் அது ஏறக்குறைய 94 பாகை. கந்தப்பளையும் அதே உயரக் கணக்குத்தான். 5,000 அடிக்கு மேலே இருப்பவர்கள் ஒரு நிமிடம் கூட்டிப் போட வேண்டும் என்பதே முறை. "அதான் இங்க பருப்பு வேகறதுக்கே அவ்வளவு நேரமாகுது" என்றார் அண்ணி.

பெப்ரவரி 9, ஞாயிறு

காலை பதினொன்றரை வாக்கில் கரண்ட் போனது. எங்கள் ரோட்டில் மட்டும் என்று நினைத்தால், கொழும்பில் இருக்கும் மகனும் போன் பண்ணுகிறான், அண்ணனும் பண்ணுகிறார். நாடு முழுக்க இருட்டு. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னாராம்.

2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்தக் காலத்தில் இந்த ஒழுங்கையில் பலர் பிரிட்ஜில் எதையும் வைப்பதையே விட்டுவிட்டார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. உறைந்த சாமானை எல்லாம் எடுத்துச் சமைத்துவிடலாமா என்று மாமி இரண்டு முறை கேட்டார். வேண்டாம் மாமி, கதவைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றேன். நிறைந்த பிரீசர் 48 மணித்தியாலம் தாங்கும், பாதி நிறைந்தது 24. கீழ்த் தட்டுகள்தான் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் நம்பிக்கை இல்லை. அதனால் கீழே இருந்த மீனை மத்தியானமே குழம்பு வைத்தோம், பாலைக் காய்ச்சினோம். மேல் கதவில் யாரும் கை வைக்கவில்லை. ஆறு மணி வாக்கில் கரண்ட் வந்தது.

பெப்ரவரி 10, திங்கள்

காலையில் திறந்து பார்த்தேன். ஒரு கப்பில் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை எப்போதும் வைத்திருப்பேன். ஐஸ் இளகி மறுபடி உறைந்திருந்தால் குற்றி கீழே போயிருக்கும். குற்றி வைத்த இடத்திலேயே இருந்தது. கோவாவும் கல்லாகவே இருந்தது. நேற்றைய கோளாறில் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் இயந்திரங்கள் நின்றுபோனதால், இன்றும் நாளையும் முறைவைத்து ஒன்றரை மணித்தியாலம் வெட்டு. அவ்வளவு நேரத்துக்குப் பிரீசர் அசையாது.

பெப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் வந்து மரக்கறிச் சமையல். உறைந்த கோவாவுக்கு இன்றுதான் பரீட்சை. பருப்பை மஞ்சளும் பூண்டும் போட்டு முக்கால் பதம் வேகவிட்டு, பைக் கோவாவை அப்படியே, இளகவிடாமல், கொதிக்கும் பருப்பில் போட்டேன். தண்ணீர் சேர்க்கவே இல்லை, இலையில் இருந்த ஈரம் போதுமாயிருந்தது. கடைசியில் தேங்காய்ப் பால் கொஞ்சமாக. தேங்காய் ஒன்று 200 ரூபாயை எட்டியிருக்கும் இந்த நாளில் முதற்பாலுக்கு ஆசைப்பட முடியாது. பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினேன். பச்சைக் கோவாவில் செய்ததற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றார் மாமி. அவர் முகத்துக்காகச் சொல்கிறவர் இல்லை.

பெப்ரவரி 12, புதன், போயா

விடுமுறை. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவுக்கு இரண்டு பை கொடுத்தேன். மல்லும் செய்யலாமா என்று கேட்டார். தாராளமாகச் செய்யலாம், ஆனால் சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு போட்டு, மூடாமல், பெருந்தீயில் ஈரம் வற்றக் கிளற வேண்டும், உப்பும் தேங்காய்ப்பூவும் மாசியும் கடைசியில்தான் என்றேன். மூடி வைத்தால் தண்ணீர் விட்டுக் களியாகும். கோவாவை நெடுநேரம் வேகவிட்டால் கந்தக வாடையும் கிளம்பும்.

சலாட், அச்சாறு இரண்டுக்கும் இது ஆகாது என்பதையும் சொன்னேன். உறையும்போது இலைக்குள் இருக்கும் நீர் ஐஸாகிக் கலச் சுவரைக் கிழித்துவிடுகிறது. அந்த மொறுமொறுப்புத் திரும்பி வராது. அதற்குப் பச்சைக் கோவாதான் வேண்டும்.

பெப்ரவரி 16, ஞாயிறு

ராத்திரி கொத்து ரொட்டி. கடைகளில் கோவா, லீக்ஸ், கரட் மூன்றையும் பச்சையாகவே தட்டில் போட்டுக் கொத்துவார்கள். நான் கோவாவை முதலில் தனியாகப் போட்டு ஈரம் போக வதக்கி, பிறகு வெங்காயம், முட்டை, ரொட்டி என்று சேர்த்தேன். ரொட்டி ஊறிப் போகாமல் உதிரியாக வந்தது. நேரம் போனதே தெரியவில்லை, அரிகிற வேலை இல்லையே. வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அந்த அரை மணி நேரம் பெரிய காரியம்.

திகதி எழுதிய பைகள் எட்டு மாதத்துக்கு மேலும் நல்ல நிலையில் இருக்கும். சித்திரை வருசத்துக்கும் இருக்கும், வைகாசியில் விலை ஏறினாலும் இருக்கும். அண்ணனிடம் சொல்லிவிட்டேன்: அடுத்த போகத்தில் வெடித்ததைச் சும்மா அனுப்ப வேண்டாம், விலை போட்டு அனுப்புங்கள். இந்த ஒழுங்கையில் நாலு வீட்டுக்காரர் பங்கு போட்டு வாங்கிக்கொள்கிறோம் என்று பேசி வைத்திருக்கிறோம். லொறிக் கூலியையும் நாங்களே கொடுப்போம். உரமும் மருந்தும் போட்டு, பனியில் நின்று வளர்த்தவருக்கு வெடித்த கோவாவுக்கும் காசு கிடைக்க வேண்டும்.