புரூனோவின் குறட்டை

மாமா குடும்பம் கனடாவுக்கு வெளிக்கிட்டபோது கொட்டாஞ்சேனை வீட்டில் கடைசியாக மிஞ்சினது இரண்டு: ஒரு தையல் மெஷினும், 3 வயது பொக்சர் நாயும். மெஷினை அம்மா கேட்டு வாங்கினா. நாயை ஒருவரும் கேட்கவில்லை. அது தானாகவே எங்களோடு ஓட்டோவில் ஏறி வெள்ளவத்தைக்கு வந்துவிட்டது.

புரூனோவின் முகத்தைப் பார்த்து முதல் கிழமை ஃபிளாட்டில் ஒருவரும் எங்களோடு லிஃப்டில் ஏறவில்லை. பழைய ஜெர்மன் வேட்டைநாயையும் ஆங்கில புல்டோக்கையும் கலந்து உருவாக்கின இனம்; முகம் அப்படித்தான் இருக்கும். ஆனால் தெரிந்த ஆளைக் கண்டால் உடம்பை வில் மாதிரி வளைத்து, முகமும் பின்பக்கமும் முட்டுகிற அளவுக்கு நெளிந்து நெளிந்து வரும். இரண்டாம் மாதமே மூன்றாம் மாடி அன்ரி அதுக்கெண்டு மாரி பிஸ்கட் வாங்கி வைத்திருந்தா. பொக்சருக்குக் குட்டிப் புத்தி போக 3 வருஷமாவது ஆகும் என்பார்கள். எங்கடையதுக்குப் போகவே இல்லை.

கஷ்டம் அந்தக் குட்டை மூக்கில்தான். எங்களைப்போல வியர்த்து நாய்க்கு உடம்பு ஆறாது, இளைத்துத்தான் ஆறவேணும். மூக்கு குட்டையென்றால் அதுவும் சரியாக நடக்காது. கொழும்புக் காற்றின் ஈரத்தில் இன்னும் மோசம். 2022 மார்ச் முடிவில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாளில் ஃபேனும் இல்லை, தண்ணி மோட்டரும் இல்லை. வாளியில் மிச்சமிருந்த தண்ணியை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றி, பாத்ரூம் தரையில் கிடத்தி, காட்போர்ட் மட்டையால் மாறி மாறி விசிறினோம். அது விளையாட்டென்று நினைத்து மட்டையைக் கவ்வினது.

அதுக்குப் பிறகு எங்களுக்கு வெயில் மட்டும்தான் பயம். அதுதான் நாங்கள் விட்ட பிழை.

9 வயதில் மரைன் டிரைவில் ஓடிக்கொண்டிருந்தபோது கால் மடங்கி விழுந்தது. அரை நிமிஷமும் இல்லை, எழும்பித் துண்டு வாலை ஆட்டினது. "வெயிலுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டோம். நேரம் பின்னேரம் ஆறரை, நல்ல கடல்காற்று. இரண்டாம் தரம் விழுந்தபிறகுதான் டொக்டரிடம் கொண்டுபோனோம்.

"இதுதான் முதல் தரமோ?"

நாங்கள் ஆளை ஆள் பார்த்தோம்.

பொக்சர்களுக்கென்றே ஒரு இதய நோய் இருக்கிறதாம். வலது பக்கத் தசை மெல்ல மெல்லக் கொழுப்பாகவும் நாராகவும் மாறும், துடிப்பு தாளம் தப்பும். சிலது மயங்கி விழும். சிலது ஒரு அறிகுறியும் இல்லாமலே போய்விடும். புற்றுநோயும் இந்த இனத்துக்குக் கூட. 2005இல் முதன்முதலாக ஒரு நாயின் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டபோது, அதுக்கு எடுத்தது தாஷா என்ற பொக்சரைத்தான். நெருங்கின இரத்தத்துக்குள்ளேயே பெருகினதால் வேறுபாடு குறைவு, வாசிக்கச் சுகம். விஞ்ஞானிகளுக்கு வசதியான அதே நெருக்கம்தான் இந்த நோய்களையும் இனத்துக்குள்ளேயே சுற்றவிடுகிறது.

மாத்திரையை மாரி பிஸ்கட்டுக்குள் வைத்துக் கொடுத்தோம். பொக்சரின் ஆயுள் 10, 12 வருஷம். புரூனோவுக்குப் 10 முடிய இரண்டு மாதம் இருந்தது. ஒரு விடியக்காலை அண்ணாதான் முதலில் ஹோலுக்குப் போனவர்.

"ஃபேன் சத்தம் கேக்குது" என்றார்.

ஆறு வருஷத்துக்கு மேலாக அந்த ஃபேன் சத்தம் போடுமென்றே எங்களுக்குத் தெரியாது.